3 அந்தப் பக்கம் போனால் −3 ஆகுமா? இரு பக்கத்தையும் சமமாக வைப்பது பற்றி ஒரு கேள்வி

கேள்விமூலை:

சமன்பாடு தீர்ப்பதைப் புதிதாகக் கற்பவர்களின் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் நான்கு பிழைகளைக் கீழே தருகிறேன். (தட்டச்சில் எழுத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று, தெரியாத எண்ணுக்கு 'க' என்று போடுகிறேன்.)

முதலாவது, 3க = 12 என்றால் க = 12 − 3 = 9 என்கிறார்கள். இன்னும் சிலர் 12-ஐ −3-ஆல் வகுத்து −4 என்கிறார்கள். காரணம் கேட்டால் இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்."

இரண்டாவது, க/2 + 5 = 11. இதை 2-ஆல் பெருக்கி க + 5 = 22, ஆகவே க = 17.

மூன்றாவது, 2க + 7 = 15 என்பதை ஒரே மூச்சில் 2க + 7 = 15 − 7 = 8 ÷ 2 = 4 என்று ஓட்டிவிடுவது. விடை சரி. ஆனால் அந்த வரி?

நான்காவது, வடிவியல். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் குத்தெதிர்க் கோணங்கள் ஏன் சமம் என்று கேட்டால், "படத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்ற பதில்.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்று சொல்லித்தருவதையே விட்டுவிட வேண்டுமா? தராசு உதாரணம் எதுவரை தாங்கும்? வடிவியலுக்கும் இதே விதிதானா, இல்லை அது வேறு சங்கதியா?

சமன்முள்:

முதல் மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. = குறியை "இதோ விடை வருகிறது" என்று படிக்கிறார்கள். கால்குலேட்டரில் அந்தப் பொத்தான் செய்வதும் அதைத்தானே. அப்படிப் படிக்கிறார்களா என்று பார்க்க ஒரு நிமிடச் சோதனை உண்டு. 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 7 என்று வந்தால் பிரச்சினை இல்லை. 12 என்று வந்தால், = குறியைக் கண்டதும் அதற்கு முன்னால் இருப்பதைக் கூட்டி வைத்துவிட்டார்கள், பின்னால் இருக்கும் + 5 கண்ணில் படவே இல்லை. சிலர் 17 என்றும் எழுதுவார்கள்; கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டியிருப்பார்கள். இந்தச் சோதனையில் தவறுபவருக்கு இடமாற்று முறையைச் சொல்லித்தருவது வீண்.

எழுதும் முறையிலேயே இதைச் சரிசெய்யலாம். முதல் 20, 30 கணக்குகளுக்கு நடு வரியை விடக்கூடாது:

3க + 7 = 19
3க + 7 − 7 = 19 − 7
3க = 12
3க ÷ 3 = 12 ÷ 3
க = 4

கடைசியில் தொடக்கச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்: 3 × 4 + 7 = 19. சரி.

இரண்டாம் வரியில் இடப்பக்கம் 7 அழிகிறது, வலப்பக்கம் −7 நிற்கிறது. இதைப் பத்துத் தடவை எழுதியவர் தானாகவே அந்த வரியை விட ஆரம்பிப்பார். அப்போது "குறி மாறும்" என்பது அவர் கண்டுபிடித்த சுருக்கெழுத்து; அதற்குமேல் தடுக்க வேண்டியதில்லை. நடு வரிக்கு முன்னால் சுருக்கெழுத்தைக் கொடுத்தால்தான் 3க = 12-இல் வந்து நிற்கிறது வினை. 3க என்பது க + க + க. அங்கே 3 கூட்டப்படவில்லை, பெருக்கப்பட்டிருக்கிறது. அதை அவிழ்க்க வகுக்க வேண்டும். 3-இன் குறிக்கு அங்கே வேலையே இல்லை.

இதை உறைக்க வைக்க −3க = 12 கொடுங்கள். இரு பக்கமும் −3-ஆல் வகுத்தால் −4. "குறி மாறும்" என்று பழகியவர் 3-ஆல் வகுத்து 4 என்பார். வைத்துப் பார்த்தால் −3 × 4 = −12. விதி தன் காலிலேயே தடுக்கி விழும்.

இரண்டாவது பிழை: தட்டை இரட்டிப்பாக்குவது என்றால் தட்டிலுள்ள எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவது. க/2 மட்டும் இரண்டு மடங்காகி 5 அப்படியே கிடந்தால் முள் சாய்ந்துவிடும். பெருக்கும் முன் அடைப்புக்குறி போடுவதைக் கட்டாயமாக்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் மறையும்:

2 × (க/2 + 5) = 2 × 11
க + 10 = 22
க = 12

சோதனை: 6 + 5 = 11. அவர்கள் சொன்ன 17-ஐ வைத்தால் 8.5 + 5 = 13.5. முதலில் 5-ஐக் கழித்துவிட்டுப் பிறகு 2-ஆல் பெருக்கினால் இன்னும் எளிது. எந்த வரிசையில் செய்தாலும் தப்பில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். "முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்" என்று ஒரு சட்டம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள்.

மூன்றாவது: அந்த வரி 15-ம் 8-ம் 4-ம் தம்முள் சமம் என்று சொல்லாமல் சொல்கிறது. ஒரு வரிக்கு ஒரே ஒரு =, எல்லா = குறிகளும் ஒன்றன்கீழ் ஒன்று. வேறு விளக்கம் தேவைப்படாது.

எண்கோடு:

மேலே சொன்னதை ஏற்கிறேன், தராசைத் தவிர. க + 5 = 2 வந்ததும் தராசு படுத்துவிடும். ஒரு தட்டில் 5 படிக்கல்லும் ஒரு பையும், இன்னொன்றில் 2 படிக்கல். பையில் என்ன இருந்தால் சமமாகும்? தட்டை மேலே தூக்கும் பலூன் என்று ஒட்டுப்போடுவார்கள். பலூனை விளக்குவது சமன்பாட்டை விளக்குவதைவிடக் கடினம்.

"செய்ததைப் பின்னிருந்து அவிழ்ப்பது" என்ற முறையும் அரை வழிதான். க-வை 3-ஆல் பெருக்கினோம், 7 கூட்டினோம், 19 வந்தது; பின்னிருந்து 7 கழி, 3-ஆல் வகு. குறை எண்ணானாலும் இது ஓடும். ஆனால் 5க − 4 = 2க + 11 என்று க இரு பக்கமும் வந்தால் எங்கிருந்து அவிழ்ப்பது? அங்கே தராசுதான் கைகொடுக்கும்: இரு பக்கமும் 2க எடுத்துவிட்டால் 3க − 4 = 11, பிறகு 3க = 15, க = 5. சோதனை: இடப்பக்கம் 21, வலப்பக்கம் 21. ஆகவே தராசில் தொடங்குங்கள். குறை எண் நுழைந்ததும் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்" என்று பேசுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. "இரு பக்கமும் ஒன்றையே செய்" என்பது அரை விதி. 3க = 12-இன் இரு பக்கத்தையும் 0-ஆல் பெருக்கினால் 0 = 0. சமம் கெடவில்லை, க தொலைந்துவிட்டது. செய்ததைத் திரும்பச் செய்து பழைய வரிக்கே வர முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. கூட்டல், கழித்தல், பூஜ்ஜியமல்லாத எண்ணால் பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றில் வர முடியும். வேறு எதைச் செய்தாலும் கவனம் வேண்டும்.

தெரியாத எண்ணால் வகுப்பது: க² = 5க. இரு பக்கமும் க-வால் வகுத்து க = 5 என்றால் க = 0 என்ற விடை காணாமல் போகிறது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று எழுதினால் 0, 5 இரண்டும் கிடைக்கும்.

வர்க்கப்படுத்துவது: √(க + 6) = க. வர்க்கம் எடுத்தால் க + 6 = க², அதாவது (க − 3)(க + 2) = 0. விடைகள் 3, −2. வைத்துப் பாருங்கள். க = 3 என்றால் √9 = 3, சரி. க = −2 என்றால் √4 = 2, ஆனால் வலப்பக்கம் −2. இது கள்ள விடை. 2-க்கும் −2-க்கும் வர்க்கம் ஒன்றே என்பதால் உள்ளே நுழைந்துவிட்டது. இங்கே விடையைச் சரிபார்ப்பது தீர்வின் ஒரு பகுதி, விருப்பப்பட்டால் செய்வதல்ல.

வர்க்கமூலம் எடுப்பது: க² + 9 = 25 என்பதை க + 3 = 5 என்று உறுப்பு உறுப்பாக மூலம் எடுத்து க = 2 என்பார்கள். 4 + 9 = 13தான் வருகிறது. மூலம் முழுப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். முதலில் 9-ஐக் கழித்து க² = 16, பிறகு க = 4 அல்லது −4.

பூஜ்ஜியத்தால் வகுக்கும் பொறியைக் காட்ட இதைக் கரும்பலகையில் எழுதி, எந்த வரி பொய் என்று கேளுங்கள்:

1) க = ச
2) க² = கச
3) க² − ச² = கச − ச²
4) (க + ச)(க − ச) = ச(க − ச)
5) க + ச = ச
6) 2ச = ச
7) 2 = 1

பூஜ்ஜியத்தோடு கணக்குப் போடும் விதிகளை 628-இல் எழுதிவைத்த பிரம்மகுப்தரே 0 ÷ 0 = 0 என்றுதான் எழுதினார். மாணவர்கள் இங்கே தடுமாறினால் கோபிக்க வேண்டாம்.

கவராயம்:

வடிவியலுக்கும் இதே விதிதான். சொல்லப்போனால் அது முதலில் எழுத்தில் முறையாக வந்ததே அங்கேதான். யூக்ளிட் தன் நூலின் தொடக்கத்தில் வைத்திருக்கும் பொதுக் கருத்துகளில் முதல் மூன்றைப் பாருங்கள்: ஒன்றுக்கே சமமானவை தம்முள்ளும் சமம், சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் வருபவை சமம், கழித்தால் மிஞ்சுபவையும் சமம்.

குத்தெதிர்க் கோணங்களை இதைக்கொண்டே முடிக்கலாம். வெட்டும் இடத்தைச் சுற்றி வரிசையாகக் கோணங்களுக்கு 1, 2, 3, 4 என்று பெயரிடுங்கள். 1-ம் 2-ம் ஒரு நேர்கோட்டின் மேல் இருக்கின்றன, கூடுதல் 180°. 2-ம் 3-ம் இன்னொரு நேர்கோட்டின் மேல், அதுவும் 180°. ஆக, கோணம் 1 + கோணம் 2 = கோணம் 2 + கோணம் 3. இரு பக்கமும் கோணம் 2-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் கோணம் 1 = கோணம் 3. சமன்முள் எழுதிய − 7 வரியும் இதுவும் ஒன்றேதான்.

நீளத்துக்கு: ஒரே கோட்டில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு புள்ளிகள் வரிசையாக. அஆ = இஈ என்று தெரியும். இரண்டோடும் நடுத்துண்டு ஆஇ-யைக் கூட்டினால் அஇ = ஆஈ.

பரப்பளவில்தான் இந்த விதி அழகாக வேலை செய்கிறது. இணைகரத்தின் பரப்பு ஏன் அடி × உயரம்? ஒரே அடியின் மேல், ஒரே உயரத்தில் ஒரு செவ்வகமும் வலப்பக்கம் சாய்ந்த ஒரு இணைகரமும் வரையுங்கள். இரண்டையும் சேர்த்து மூடும் உருவம் ஒரு சரிவகம். சரிவகத்திலிருந்து இடப்பக்க முக்கோணத்தை வெட்டினால் இணைகரம் மிஞ்சும். அதே சரிவகத்திலிருந்து வலப்பக்க முக்கோணத்தை வெட்டினால் செவ்வகம் மிஞ்சும். வெட்டிய இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். ஒரே முழுமையிலிருந்து சமமானவற்றை எடுத்தோம், மிஞ்சியவை சமம்.

பிதாகரஸ் தேற்றத்தையும் இப்படியே காட்டலாம், கத்தரியும் காகிதமும் போதும். செங்கோணப் பக்கங்கள் 3, 4 செ.மீ. கொண்ட முக்கோணங்கள் நான்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பரப்பு 6 ச.செ.மீ. 7 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும், கர்ணம் உள்நோக்கி இருக்குமாறு, ஒன்றன் 3 அடுத்ததன் 4-ஐத் தொடும்படி அடுக்கினால் நடுவில் கர்ணத்தைப் பக்கமாகக் கொண்ட சாய்ந்த சதுரம் காலியாக நிற்கும். அதே நான்கையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு 3 × 4 செவ்வகங்களாக்கி, எதிரெதிர் மூலைகளில் வைத்தால் காலி இடம் 9, 16 பரப்புள்ள இரண்டு சதுரங்கள். இரண்டு முறையும் 49-இலிருந்து 24-ஐ மூடினோம். ஆகவே காலி இடங்கள் சமம்: கர்ணத்தின் வர்க்கம் = 9 + 16 = 25. எண்கோடு சொன்ன உறுப்பு உறுப்பாக மூலம் எடுக்கும் பிழையும் இங்கே பளிச்சென்று தெரியும். கர்ணம் 3 + 4 = 7 என்றால் முக்கோணமே நிமிர்ந்து கோடாகிவிடும்.

வடிவியலில் கணக்குத் தவறுவது பெரும்பாலும் தீர்க்கும்போது அல்ல, = குறியைப் போடும்போதே. இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் 3க − 10, 2க + 15 பாகை என்று கொடுத்தால், இரண்டையும் கூட்டி 180 என்று எழுதுபவர் நிறைய. 5க + 5 = 180, க = 35 என்று பிசகில்லாமல் தீர்த்தும் விடுவார்கள். கோணங்கள் 95°, 85°. அடிக்கோணங்கள் சமமாகவும் இல்லை, உச்சிக்கோணத்துக்கு மிச்சமும் இல்லை. சரியானது 3க − 10 = 2க + 15, க = 25; கோணங்கள் 65°, 65°, 50°. ஒவ்வொரு சமன்பாட்டின் ஓரத்திலும் "அடிக்கோணங்கள் சமம்", "நேர்கோட்டின் மேல்" என்று காரணத்தை எழுத வைத்தால் இந்தப் பிழை பாதியிலேயே பிடிபடும்.

"எது" சமம் என்பதையும் விடாமல் கேளுங்கள். 5 × 5 சதுரத்துக்கும் 8 × 2 செவ்வகத்துக்கும் சுற்றளவு 20தான். பரப்பு 25, 16. மூன்று கோணங்களும் சமமான இரண்டு முக்கோணங்கள் வடிவொத்தவை, சர்வசமமாக இருக்க வேண்டியதில்லை. பக்கங்களை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு.

"படத்தில் தெரிகிறதே" என்பதற்கு என் யோசனை: வேண்டுமென்றே கோணலாக வரைந்த படத்தைக் கொடுங்கள். 65° என்று எழுதிய கோணம் பார்வைக்கு 90° போல இருக்கட்டும். கண்ணை நம்ப வழியில்லாதபோதுதான் காரணம் தேடுவார்கள்.

கேள்விமூலை:

நடு வரி, அடைப்புக்குறி, ஓரத்தில் காரணம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு. க/2 + க/3 என்று மட்டும் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் 6-ஆல் பெருக்கி 5க என்கிறார்கள். அப்புறம், −2க < 6 மாதிரி அசமன்பாட்டில் குறி திரும்புவதை விதியாகச் சொல்லாமல் எப்படிக் காட்டுவது?

சமன்முள்:

முதலாவது, தராசே இல்லாத இடத்தில் நிறுத்தல். க/2 + க/3 என்பது கோவை. = இல்லை, இன்னொரு பக்கமும் இல்லை. 6-ஆல் பெருக்கினால் அதை ஈடுசெய்ய ஆளில்லை. மதிப்பு ஆறு மடங்காகிவிடும். க = 6 என்று வைத்தால் 3 + 2 = 5; அவர்கள் சொல்லும் 5க-வோ 30. பகுதிகளை ஒன்றாக்கி 3க/6 + 2க/6 = 5க/6 என்றுதான் எழுதலாம். க/2 + க/3 = 10 என்று இருந்தால் அப்போது 6-ஆல் பெருக்கலாம்: 3க + 2க = 60, க = 12. பேனாவை எடுக்கும் முன் "இதில் = உண்டா?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் போதும்.

எண்கோடு:

அசமன்பாட்டில் குறை எண்ணால் வகுக்காமலே தீர்த்துக் காட்டுங்கள். −2க < 6. இரு பக்கமும் 2க கூட்டினால் 0 < 6 + 2க. இரு பக்கமும் 6 கழித்தால் −6 < 2க. 2-ஆல் வகுத்தால் −3 < க, அதாவது க > −3. குறியை யாரும் திருப்பவில்லை. க எதிர்ப்பக்கம் போனதால் தானே திரும்பியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் எண்கோட்டில் 2-ம் 6-ம் குறித்து, −1-ஆல் பெருக்கி −2, −6 எங்கே விழுகின்றன என்று பார்க்கட்டும். பூஜ்ஜியத்தைக் கண்ணாடியாக வைத்ததுபோல் வரிசை தலைகீழாகும்.

ஆனால் 6/க < 2 என்று வந்தால் க-வால் பெருக்கக் கூடாது. அது மிகையா குறையா என்றே தெரியாதே. பெருக்கினால் க > 3 மட்டும் கிடைக்கும். க = −1 வைத்துப் பாருங்கள்: −6 < 2, அதுவும் உண்மை. மிகை, குறை என்று பிரித்துத் தீர்த்தால் க > 3 அல்லது க < 0.

கவராயம்:

ஒரு சேர்க்கை மட்டும், வர்க்கச் சமன்பாட்டுக்குப் போகும்போது உதவும். க² + 10க = 39. இது 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மியின் கணக்கு. க பக்கமுள்ள சதுரம் வரைந்து, அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் 5 × க செவ்வகங்களை ஒட்டினால் இடப்பக்கம் முழுதும் படமாகிவிடும். மூலையில் 5 × 5 அளவுக்கு ஒரு பள்ளம். அதை அடைக்க 25 வேண்டும். படத்தில் கூட்டினால் வலப்பக்கமும் கூட்ட வேண்டும். (க + 5)² = 64, பக்கம் 8, க = 3. நீளம் என்பதால் அவர் 3-ஐ மட்டும் எடுத்தார்; −13-ம் பொருந்தும் (169 − 130 = 39). அல்ஜீப்ரா என்ற பெயரே அவர் நூலின் தலைப்பில் உள்ள அல்-ஜப்ர் என்ற சொல்லிலிருந்து வந்தது. கழித்து நிற்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிரப்புவதுதான் அதன் பொருள். நீங்கள் முதலில் கேட்ட "குறி மாறும்" விதியின் இயற்பெயர் அது.

கேள்விமூலை:

2 = 1 கணக்கில் பிசகு ஐந்தாம் வரிதானே?

எண்கோடு:

ஆமாம். க = ச என்று முதல் வரியே சொல்லிவிட்டதால் க − ச பூஜ்ஜியம்; நான்காம் வரி 0 = 0 என்றுதான் சொல்கிறது, அது உண்மையே. ஐந்துக்குப் போக அந்தப் பூஜ்ஜியத்தால் வகுத்திருக்கிறோம். மாணவர்களிடம் க = 3, ச = 3 என்று ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 3 = 3, 9 = 9, 0 = 0, 0 = 0, பிறகு 6 = 3.